மியூனிக்கில் 6 மாத இன்டர்ன்ஷிப்: கெம்னிட்ஸ் ரூமைக் காலி செய்வதா, வைத்துக்கொள்வதா?

கேள்வி: கெம்னிட்ஸ்_மெக்

வணக்கம். ஜெர்மனியின் கெம்னிட்ஸில் மாஸ்டர்ஸ் படிக்கிறேன். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை மியூனிக்கில் கட்டாய இன்டர்ன்ஷிப். ஆபீஸ் நகரின் வடக்கே, ஃப்ராங்க்ஃபுர்ட்டர் ரிங் யூ-பான் (மெட்ரோ) ஸ்டேஷன் பக்கம். ஏப்ரலில் தீசிஸுக்குத் திரும்பி கெம்னிட்ஸ் வரணும்.

இங்கே டார்மில் (மாணவர் விடுதி) வார்ம் ரென்ட், அதாவது ஹீட்டிங், தண்ணீர் சேர்த்த வாடகை, 260 யூரோ. மியூனிக்கில் 750 வரை தர முடியும், அதற்கு மேல் கை கடிக்கும். இரண்டு மூன்று சந்தேகம்:

இந்த ரூமைக் காலி செய்துவிட்டுப் போகலாமா? மியூனிக் ஸ்டூடியரன்டன்வெர்க் (மாணவர் நல அமைப்பு) டார்முக்கு நான் விண்ணப்பிக்க முடியுமா? டபிள்யூஜி-கெசூக்ட் தளத்தில் (டபிள்யூஜி என்றால் பகிர்ந்து தங்கும் ஃப்ளாட்) என் பட்ஜெட்டில் வருகிற விளம்பரங்களில் பாதி "அன்மெல்டுங் (முகவரிப் பதிவு) கிடையாது" என்கிறது. அவற்றை ஒதுக்கிவிடணுமா? என் ரெசிடென்ஸ் பெர்மிட் அடுத்த பிப்ரவரியில் முடிகிறது, அதனால்தான் பயம்.

இப்போது ஜூலை நடுப்பகுதி. எப்போது தேட ஆரம்பிப்பது?

---

பதில் 1: இசார்_கரை

காலி செய்யாதீங்க. உங்க மூன்று கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கு.

ஜெர்மனியில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் அன்மெல்டுங் செய்யணும் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த விதி. அதே பதிவுச் சட்டத்தில் 27-வது பிரிவு ஒன்று இருக்கு. ஏற்கெனவே ஜெர்மனிக்குள் ஒரு முகவரியில் பதிவாகி இருப்பவர், ஆறு மாதத்துக்கு மிகாமல் தங்க இன்னொரு வீடு எடுத்தால், அந்த இரண்டாவது வீட்டில் பதிவு செய்யத் தேவையே இல்லை. ஆறு மாதம் தாண்டியும் அங்கேயே இருந்தால் அதற்குப் பிறகு இரண்டு வாரத்தில் பதியணும். அதாவது கெம்னிட்ஸ் முகவரி உயிரோடு இருக்கும் வரை, "அன்மெல்டுங் கிடையாது" விளம்பரங்கள் உங்களுக்குத் தடை இல்லை. மற்றவர்கள் ஒதுக்குகிற அறைகளுக்குப் போட்டியும் குறைவு. உங்க நிலையில் அது லாபம்.

கெம்னிட்ஸ் ரூமை விட்டால் கணக்கு தலைகீழ். மியூனிக்கில் பதிந்தே ஆகணும், அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட வோனுங்ஸ்கேபர்-பெஷ்டேடிகுங் என்கிற குடியேற்ற உறுதிக் கடிதம் வேணும் (வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் ஏற்க மாட்டாங்க), பெர்மிட் ஃபைலும் மியூனிக் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு மாறும். பிப்ரவரியில் புதுப்பிக்க வேண்டியவர் நவம்பரில் ஃபைலை ஊர் மாற்றுவது தேவையில்லாத தலைவலி. பதிவு கெம்னிட்ஸில் இருந்தால் அங்கேயே, காலாவதி ஆவதற்கு முன்னால், விண்ணப்பித்துவிடலாம். நேரில் கூப்பிட்டால் ஒரு நாள் லீவ் போட்டுப் போய்வரணும், அவ்வளவுதான்.

பணமாகப் பார்த்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. ரூமைப் பூட்டி வைத்தாலே 6 × 260 = 1,560 யூரோ. ஆனால் பூட்டி வைக்க வேண்டாம். அக்டோபரில் கெம்னிட்ஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் டார்ம் வரிசையில் காத்திருப்பாங்க, அவர்களில் ஒருவருக்கு மார்ச் 31 வரை உன்டர்மீட்டேக்கு (உள்வாடகை) விடுங்க. டார்ம் நிர்வாகத்திடம் எழுத்து அனுமதி கட்டாயம். இன்டர்ன்ஷிப் கான்ட்ராக்டை இணைத்து ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே கேளுங்க. கட்டாய இன்டர்ன்ஷிப் என்றால் பொதுவாக மறுக்க மாட்டாங்க. நீங்க தருகிற வாடகையை விட அதிகம் வாங்காதீங்க, பல டார்ம்களில் அது விதிமீறல்.

மியூனிக் ஸ்டூடியரன்டன்வெர்க் டார்ம் அதன் கீழ் வருகிற கல்லூரிகளில் பெயர் பதிந்தவர்களுக்குத்தான். நேரடியாக உங்களுக்குக் கிடைக்காது. கிடைத்தாலும் வரிசை செமஸ்டர் கணக்கில் நீளும். ஷ்டுடென்டன்ஷ்டாட் என்கிற பெரிய மாணவர் குடியிருப்பில் 2021 தீ விபத்துக்குப் பிறகு மூடிய உயரக் கட்டடங்கள் பல வருஷம் காலியாகவே நின்றதில் வரிசை இன்னும் மோசமானது. ஆனால் அங்கே குடியிருக்கிற மாணவர் வெளிநாடு போகும்போது தன் அறையை உன்டர்மீட்டேக்கு விடுவது உண்டு. அந்த வழியில் நீங்க நுழையலாம். அனுமதிக் கடிதத்தின் நகலை மட்டும் கேட்டு வாங்குங்க.

எப்போது தேடுவது: ட்ஸ்விஷன்மீட்டே (குடியிருப்பவர் கொஞ்ச காலத்துக்கு மட்டும் விடுகிற அறை) விளம்பரங்கள் ஆறிலிருந்து எட்டு வாரம் முன்னால்தான் வரும். ஆகஸ்ட் முதல் வாரம் ஆரம்பித்தால் போதும். ஜூலையில் செய்ய வேண்டியது வேறு ஒன்று. உங்க டீமில் இப்போது இருக்கிற இன்டர்ன் யார், செப்டம்பர் 30-ல் யார் கிளம்புகிறார் என்று சூப்பர்வைசரிடமோ எச்ஆரிடமோ கேளுங்க. ஏப்ரலில் வந்தவர் செப்டம்பர் கடைசியில் போவார், அவருடைய அறை அக்டோபர் 1-ல் காலி. ஆபீஸுக்குப் போகிற தூரம் சரியாக இருக்கும், வீட்டுக்காரருக்கும் இன்டர்ன்களை வைத்துப் பழக்கம் இருக்கும். எந்த வெப்சைட்டும் இதற்கு ஈடாகாது. பெரிய கம்பெனிகளில் இன்டர்ன்களுக்கென்றே வாட்ஸ்அப் குரூப் இருக்கும், கான்ட்ராக்டில் கையெழுத்துப் போட்டதும் சேர்க்கச் சொல்லிக் கேளுங்க.

---

பதில் 2: எஸ்1_பயணி

ஊருக்குள்தான் வேணும் என்று நிற்காதீங்க. உங்க ஆபீஸ் யூ2 லைனில். அதன் வடகோடி ஃபெல்ட்மோகிங். அங்கே எஸ்1 (எஸ்-பான் என்கிற புறநகர் ரயிலின் ஒரு தடம்) வந்து சேருகிறது. ஓபர்ஷ்லைஸ்ஹைம், உன்டர்ஷ்லைஸ்ஹைம், லோஹோஃப், எஹிங், நொய்ஃபார்ன், ஃப்ரைசிங் எல்லாம் எஸ்1 ஊர்கள். ஃபெல்ட்மோகிங்கில் இறங்கி யூ2 பிடித்தால் ஹாசன்பெர்க்ல், டுல்ஃபர்ஷ்ட்ராஸே, ஹார்ட்ஹோஃப், ஆம் ஹார்ட், அடுத்தது உங்க ஸ்டேஷன். நகர மையத்துக்குள் போகவே வேண்டாம். எஸ்-பான் நடுத்தடத்தில் கோளாறு என்று ஊரே திண்டாடுகிற நாளிலும் உங்க பாதை பெரும்பாலும் தப்பிக்கும்.

ஃப்ரைசிங்கில் டியூஎம் (மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம்) வளாகம் ஒன்று இருக்கு, அதனால் மாணவர் டபிள்யூஜிகளும் உண்டு. நடுநகரத்தை விட வாடகை குறையும். ஒரு எச்சரிக்கை: எஸ்1 வண்டி நொய்ஃபார்னில் இரண்டாகப் பிரியும். ஒரு பாதி ஃப்ரைசிங், மறுபாதி ஏர்போர்ட். பெட்டிக்கு வெளியே உள்ள போர்டைப் பார்த்து ஏறலைன்னா சூட்கேஸ்காரர்களோடு ஏர்போர்ட்டில் போய் இறங்குவீங்க.

கெம்னிட்ஸ் செமஸ்டர் டிக்கெட் நாடு முழுக்கச் செல்லுகிற டாய்ச்லாண்ட் வகை என்றால் அதுவே மியூனிக் யூ-பான், எஸ்-பான், டிராம், பஸ் எல்லாவற்றுக்கும் செல்லும். மாதம் 63 யூரோ டாய்ச்லாண்ட்டிக்கெட் தனியாக வாங்காதீங்க. அந்த மிச்சத்தை வாடகையில் சேர்த்துக்கொள்ளலாம்.

---

பதில் 3: ஒப்பந்தம்_படி

மேலே இரண்டு பேர் சொன்னதும் சரி. காலக்கணக்கில் ஒரு இடறல் இருக்கு.

அக்டோபர் 1 மியூனிக்கில் மிக மோசமான தேதி. அக்டோபர்ஃபெஸ்ட் அப்போதுதான் முடிகிற நேரம், குளிர்கால செமஸ்டர் பிள்ளைகள் வந்து இறங்குகிற நேரம். ஹாஸ்டலில் இரண்டு வாரம் தங்கித் தேடலாம் என்ற திட்டம் அந்த நாட்களில் வாடகையை விட அதிகமாக விழுங்கும். அதனால் செப்டம்பர் 15-லிருந்து கிடைக்கிற அறை வந்தால், பாதி மாத வாடகை வீண் என்று பார்க்காமல் எடுத்துவிடுங்க. ஆனால் சாவி கையில் இருக்கு என்பதற்காக 15-ஆம் தேதியே குடிபோகாதீங்க. பதிவுச் சட்டத்துக்கு ஒப்பந்தத் தேதி முக்கியமில்லை, நீங்க குடியேறுகிற நாள்தான் முக்கியம். அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை சரியாக ஆறு மாதம். செப்டம்பரிலேயே படுக்க ஆரம்பித்தால் வரம்பு தாண்டும்.

மறுமுனையில் எதிர்ப் பிரச்சினை. எராஸ்மஸ் மாணவர் பரிமாற்றத்தில் வெளிநாடு போகிறவர்கள் பெரும்பாலும் பிப்ரவரி கடைசி வரைதான் அறை தருவாங்க. மார்ச் ஒட்டவில்லை என்று அந்த விளம்பரங்களைத் தள்ளாதீங்க. பிப்ரவரி பாதியில் வகுப்பு முடிந்து ஏப்ரல் பாதி வரை லீவ், நிறைய பேர் ஊருக்குப் போவாங்க. மார்ச் ஒரு மாதத்துக்கு மட்டும் அறை கிடைப்பது வருஷத்திலேயே அப்போதுதான் சுலபம். 5 + 1 என்று பிரித்துத் தேடுங்க.

இனி ஒப்பந்தம். நீங்க கையெழுத்திடப் போவது வீட்டுக்காரரோடு அல்ல, அங்கே குடியிருக்கிறவரோடு. எனவே முதல் கேள்வி: உன்டர்மீட்டேக்கு விட வீட்டுக்காரர் எழுத்தில் அனுமதித்தாரா? "அதெல்லாம் பிரச்சினை இல்லை, யாராவது கேட்டால் நண்பன் என்று சொல்லிக்கோ" என்கிற பதில் வந்தால் விட்டுவிடுங்க. அனுமதியில்லாமல் விட்டது தெரிந்தால் அவருடைய வாடகை உரிமையே போகலாம். அது போனால் உங்களுக்கு நிற்க இடமில்லை, டெபாசிட்டையும் அவரிடம் துரத்திக்கொண்டு போகணும்.

இரண்டாவது, 700 யூரோ என்று போட்டிருப்பது எது? கோல்ட் ரென்ட்டா (ஹீட்டிங், தண்ணீர் சேராத வெறும் வாடகை), வார்ம் ரென்ட்டா? வார்ம் என்றால் ஹீட்டிங், கரண்ட், இன்டர்நெட் எல்லாம் அடக்கமா? ஒப்பந்தத்தில் "பௌஷால்" என்ற சொல் இருந்தால் தொகை நிலையானது. "ஃபோராவுஸ்சாலுங்" என்று இருந்தால் அது முன்பணம் மட்டும், ஆண்டுக் கணக்கு வரும்போது மீதியைக் கேட்பாங்க. நீங்க இருக்கப்போவது அக்டோபர் முதல் மார்ச் வரை, முழுக்க ஹீட்டிங் மாதங்கள். பௌஷால் என்று எழுதி வாங்குங்க. ரேடியோ-டிவி கட்டணம் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. டபிள்யூஜியில் ஒருவர் கட்டினால் போதும், உங்க பங்கு வாடகைக்குள் அடங்கிவிட்டது என்று ஒரு வரி சேருங்க.

டெபாசிட் சட்டப்படி மூன்று மாத கோல்ட் ரென்ட்டைத் தாண்டக் கூடாது. ட்ஸ்விஷன்மீட்டேயில் நடைமுறையில் ஒன்று, ஒன்றரை மாதம்தான் கேட்பாங்க. இதில்தான் அதிகம் தகராறு வருது. ஏனென்றால் நீங்க காலி செய்கிற நாளில் அவர் லிஸ்பனிலோ சியோலிலோ இருப்பார், அறையை வந்து பார்க்க ஆள் இருக்காது. திருப்பித் தருகிற தேதியை ஒப்பந்தத்திலேயே போடுங்க, அவருக்குப் பதில் அறையை வாங்கிக்கொள்கிற ரூம்மேட் பெயரையும் போடுங்க. பணம் பேங்க் டிரான்ஸ்ஃபர்தான், விவரத்தில் "டெபாசிட், இன்ன அறை" என்று இருக்கணும். கையில் காசாகக் கொடுத்தால் அதற்குச் சாட்சி இல்லை. உள்ளே போகிற அன்றே மெத்தை, மேஜை, ஜன்னல் சட்டம், ஷவர் மூலையில் பூஞ்சை, எல்லாவற்றையும் படமெடுத்து அன்றே அவருக்கு மெயில் அனுப்புங்க. தேதியோடு ஆதாரம் நிற்கும்.

கடைசி மாத வாடகையை டெபாசிட்டில் கழித்துக்கொள்ளலாம் என்று நீங்களாக முடிவு செய்யாதீங்க, எழுத்தில் சம்மதம் இல்லாமல் அது செல்லாது. இன்னொன்று, தேதி குறித்த ஒப்பந்தத்தைச் சாதாரணமாக நடுவில் முறிக்க வழி கிடையாது. இன்டர்ன்ஷிப் பாதியில் நின்றாலும் மார்ச் வரை வாடகை உங்க தலையில். மாற்று ஆள் தந்தால் விடுவிக்கணும் என்று முன்பே ஒரு வரி கேட்டுப் பாருங்க. பலர் சம்மதிப்பாங்க.

---

கெம்னிட்ஸ்_மெக்

இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவில்லை, நன்றி. ஒரு விளம்பரம் பார்த்தேன், சொல்லுங்க: ஷ்வாபிங், தனி ஃப்ளாட், 38 சதுர மீட்டர், ஃபர்னிஷ் செய்தது, 480 யூரோ வார்ம். ஓனர் வேலைக்காக ஸ்காட்லாந்து போயிருக்கிறாராம். டெபாசிட்டும் முதல் மாத வாடகையும் அனுப்பினால் சாவி கூரியரில் வருமாம், பிடிக்கலைன்னா பணம் வாபஸாம். பாஸ்போர்ட் நகல் கேட்கிறார், அவருடையதையும் அனுப்பிவிட்டார்.

இன்னொன்று, கெம்னிட்ஸ் ரூமில் வேறொருவர் வந்து இருக்கும்போது என் பதிவு அங்கே செல்லுமா?

---

பதில் 4: ஒப்பந்தம்_படி

ஷ்வாபிங் ஃப்ளாட் மோசடி. மியூனிக்கில் டபிள்யூஜி அறை ஒன்றுக்கே சராசரி 800 யூரோ பக்கம் ஓடுகிறது. அந்தப் பகுதியில் தனி ஃப்ளாட் 480-க்கு விட ஒருவர் இருந்தால் விளம்பரமே போட மாட்டார், அவருக்குத் தெரிந்தவர்களே பிடுங்கிக்கொள்வாங்க. வெளிநாட்டு ஓனர், கூரியர் சாவி, முன்பணம் மூன்றும் ஒரே மெயிலில் வந்தால் மேலே படிக்க வேண்டியதில்லை. அவர் அனுப்பிய பாஸ்போர்ட் இதற்கு முன் ஏமாந்த யாரோ ஒருவருடையதாக இருக்கலாம். உங்களுடையதைக் கொடுத்தால் அடுத்த ஆளுக்கு அதுதான் போகும். யாருக்கும் நகல் கொடுக்க நேர்ந்தால் "இன்ன முகவரி வாடகை விண்ணப்பத்துக்கு மட்டும்" என்று குறுக்கே எழுதி, பாஸ்போர்ட் நம்பரை மறைத்துக் கொடுங்க.

நேரில் போக முடியாத அறைக்கு வீடியோ கால். பதிவு செய்த வீடியோ செல்லாது. காலில் இருக்கும்போதே தெருவில் இறங்கி வீட்டு நம்பரைக் காட்டச் சொல்லுங்க, பிறகு காலிங்பெல் பலகையில் அவர் பெயர், பிறகு அதே காலில் படியேறி அறைக்குள். குழாயைத் திறக்கச் சொல்லுங்க, ஜன்னலைத் திறந்து எதிர் வீட்டைக் காட்டச் சொல்லுங்க. நெட்டில் திருடிய படங்களை வைத்திருப்பவரால் இதில் ஒன்றையும் செய்ய முடியாது. கெம்னிட்ஸிலிருந்து ஒரு சனிக்கிழமை வரமுடிந்தால் இன்னும் நல்லது. நாலைந்து அறையை ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்க.

ஃபேஸ்புக்கில் "அன்மெல்டுங் மட்டும், 150 யூரோ" என்று முகவரி விற்கிறவர்கள் கண்ணில் படுவாங்க. குடியில்லாத முகவரியைக் கொடுப்பதற்குச் சட்டத்தில் 50,000 யூரோ வரை அபராதம் இருக்கு. பெர்மிட் புதுப்பிக்கிற வருஷத்தில் அந்தப் பக்கமே போகாதீங்க.

கெம்னிட்ஸ் ரூம் பற்றி: ஒப்பந்தம் உங்க பெயரில், வருகிறவருக்கு மார்ச் 31 என்று முடிவுத் தேதி எழுத்தில், உங்க சாமான் கொஞ்சம் அங்கேயே, ஏப்ரலில் நீங்க திரும்புறீங்க. நடைமுறையில் இது எல்லோரும் செய்வதுதான். ரொம்பக் கறாராகப் படிக்கிற அதிகாரி, அறையை முழுசாக வேறொருவருக்குக் கொடுத்த பிறகு அது எப்படி உங்க குடியிருப்பு என்று கேட்க இடம் உண்டு. அந்தச் சந்தேகமே வேண்டாம் என்றால் பூட்டி வைத்து 1,560-ஐ ஏற்றுக்கொள்ளணும். என் கருத்து, டார்ம் அனுமதிக் கடிதம் கையில் இருந்தால் உன்டர்மீட்டேக்கு விடலாம். வருகிறவர் அங்கே பதிய நினைத்தால் வோனுங்ஸ்கேபர் (வீடு கொடுப்பவர்) நீங்கதான், கையெழுத்து நீங்கதான் போடணும். கிளம்புவதற்கு முன் அந்த ஃபாரத்தை முடிச்சுடுங்க.

---

பதில் 5: இசார்_கரை

விண்ணப்ப மெசேஜ் பற்றி யாரும் சொல்லலை. நல்ல விளம்பரத்துக்கு முதல் மணி நேரத்திலேயே மெசேஜ்கள் குவிந்து, சாயங்காலத்துக்குள் விளம்பரத்தையே நிறுத்திவிடுவாங்க. அலெர்ட் போட்டு வையுங்க, மெசேஜை ஜெர்மனில் தயாராக வையுங்க, எட்டுப் பத்து வரி போதும். முதல் வரியிலேயே தேதிகள். அவர்கள் தேடுவது அதைத்தான். பிறகு என்ன இன்டர்ன்ஷிப், சம்பளம் வருகிறது என்பது, புகைக்கிறீங்களா இல்லையா, லையபிலிட்டி இன்ஷூரன்ஸ் (பிறருக்கு ஏற்படுத்துகிற சேதத்துக்கானது) இருக்கு என்பது. விளம்பரத்தில் அவர்கள் எழுதியதிலிருந்து ஒரு விஷயத்தையாவது தொட்டு எழுதுங்க. எல்லோருக்கும் ஒரே மெசேஜ் அனுப்புகிறவர்களைப் பிடிக்க நடுவில் ஒரு சொல்லை ஒளித்து, "இந்தச் சொல்லோடு பதில் ஆரம்பிக்கவும்" என்று வைப்பது டபிள்யூஜிகளின் வழக்கம். முழுக்கப் படிக்கலைன்னா அங்கேயே அவுட். "எனக்கு அன்மெல்டுங் தேவைப்படாது" என்ற வரியை மறக்காதீங்க, ட்ஸ்விஷன்மீட்டே தருகிறவருக்கு அது பெரிய நிம்மதி.

அறை மட்டும் கிடைக்காமல் போனால் கோல்பிங் மாதிரி அமைப்புகள் நடத்துகிற இளைஞர் விடுதிகளில் கேளுங்க. தொழிற்பயிற்சிப் பிள்ளைகளுக்கானவை, இடமிருந்தால் இன்டர்ன்களையும் எடுப்பாங்க. வயது வரம்பு இருக்கும், பெரும்பாலும் 27-க்குள். முதியவர் வீட்டில் உதவி செய்து தங்குகிற "வோனன் ஃபியூர் ஹில்ஃபே" திட்டத்தில் ஒரு சதுர மீட்டருக்கு மாதம் ஒரு மணி நேர வேலை கணக்கு. 15 சதுர மீட்டர் அறை என்றால் மாதம் 15 மணி நேரம், வாடகை இல்லை, கரண்ட்-தண்ணீர்ச் செலவு மட்டும். முழுநேர இன்டர்ன்ஷிப்போடு செய்யலாம், ஆனால் பேசுகிற அளவுக்கு ஜெர்மன் வேணும், ஆறு மாதத்துக்கு ஆள் எடுக்கிற வீடு குறைவு.

சமையல்: பார்க்கப் போகும்போதே கிச்சனில் புகைபோக்கி வெளியே போகிறதா, வடிகட்டி அங்கேயே விடுகிறதா என்று பாருங்க. இரண்டாவது வகையில் கடுகு, மிளகாய் தாளித்தால் வாசனை இரண்டு நாள் நிற்கும். பவேரியாவில் படுக்கையறையிலும் வெளியேறுகிற நடையிலும் ஸ்மோக் அலாரம் கட்டாயம். தாளிக்கும்போது நடைக்கதவைச் சாத்தி ஜன்னலைத் திறங்க. புகை போகட்டும் என்று நடைக்கதவைத் திறப்பதுதான் வழக்கமான தவறு, அலாரம் அந்தப் பக்கம்தான் இருக்கு.

தபால்: பெட்டியில் பெயர் இல்லாத ஆளுக்கு ஜெர்மன் தபால்காரர் கடிதம் போட மாட்டார், திருப்பி அனுப்பிவிடுவார். மியூனிக் முகவரி கொடுக்கும்போது உங்க பெயருக்குக் கீழே "சி/ஓ" போட்டு, பெட்டியில் இருக்கிற பெயரை எழுதுங்க. பேங்க், இன்ஷூரன்ஸ், வெளிநாட்டவர் அலுவலகம் மூன்றுக்கும் கெம்னிட்ஸ் முகவரியே இருக்கட்டும். உங்க அறைக்கு வருகிறவரிடம், அரசாங்க உறை எது வந்தாலும் அன்றே படமெடுத்து அனுப்பச் சொல்லி உன்டர்மீட்டே ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துடுங்க. பிப்ரவரி அப்பாயின்ட்மென்ட் கடிதம் அந்தப் பெட்டிக்குத்தான் வரும்.